மிலாதினின் வலக்கை

மிலாதினின் வலக்கைக்குத்தான் சம்பளம், மிச்சமிருக்கும் மிலாதினுக்கு ரொட்டி மட்டும் என்று அவன் மனைவி ஸ்தோயா சொல்லுவாள். கேலிக்குச் சொன்னதுதான், ஆனால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சாவா நதியின் இந்தக் கரை சக்கரவர்த்தியுடையது, அந்தக் கரை சுல்தானுடையது. அங்கிருந்து வருகிற எதுவும் நேராக உள்ளே போய்விட முடியாது. மனிதர்கள், மூட்டைகள், கடிதங்கள் எல்லாம் கரையோரத் தடைமனையில் இருபத்தோரு நாள் கிடந்தாக வேண்டும். கடிதங்களை ஊசியால் குத்திக் கந்தகப் புகை காட்டுவார்கள். காசுகளைக் காடியில் போட்டு எடுப்பார்கள். இரும்பிலும் மரத்திலும் தானியத்திலும் கொள்ளைநோய் ஒட்டாது. கம்பளியிலும் பஞ்சிலும் தோலிலும் இறகிலும் ஒட்டும். இது வியன்னாவில் உட்கார்ந்து எழுதிய சட்டம். அங்கே சாவா நதியும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை, எழுதுவதற்கு நிறைய நேரம் இருந்தது.

சரி, ஒரு கம்பளிப் பொதிக்குள் நோய் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் மிலாதின். பொதியின் ஓரத்தைப் பிரித்து, சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, வெறும் கையை உள்ளே அடிவரை விட்டுத் துழாவுவான். ராத்திரியில் அந்தப் பொதிகளின் மேலேயே படுத்துத் தூங்குவான். இருபத்தோரு நாளில் அவன் சாகாவிட்டால் கம்பளி சுத்தம். செத்துப்போனால் அசுத்தம். படித்தவர்கள் கண்டுபிடித்த முறை. கை அவர்களுடையது இல்லை என்பதால் அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

தடைமனையின் டாக்டர், வேடிக்கை பார்க்க வரும் பெரிய மனிதர்களிடம் வேலியைக் கைத்தடியால் தட்டிக்காட்டி, “ஐரோப்பா இங்கதான் ஆரம்பிக்குது” என்பார். தொப்பி வைத்த சீமாட்டிகள் வேலியின் இடுக்கு வழியாக அந்தக் கரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். இதை ஸ்தோயாவிடம் மிலாதின் சொன்னபோது அவள், “அப்போ உன்ன ஐரோப்பாவே வச்சுக்கட்டும். துணி துவைச்சுப் போடச் சொல்லு” என்றாள்.

சின்ன வயதில் ஒரு குதிரை மிதித்து மிலாதினின் இடதுகால் கோணிப்போயிருந்தது. எல்லையோரத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் சக்கரவர்த்திக்கு ஆள் கொடுத்தாக வேண்டும். நல்ல காலுள்ளவர்கள் துப்பாக்கி தூக்கப் போனார்கள். அவனுடைய அப்பா, “கால் போனா என்ன, கை இருக்குல்ல” என்று இருபத்தைந்து வயது மிலாதினைத் தடைமனைக்கு அனுப்பிவைத்தார். அதற்கு இப்போது பத்தொன்பது வருஷம் ஆகிறது.

இந்த வேலையில் அவனைக் கொன்றது நோயில்லை, நாள் கணக்கு. ஒரு பொதியில் கைவிட்டால் இருபத்தோரு நாள். இருபதாவது நாள் இன்னொரு பொதி வந்து, அதில் கைவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து இருபத்தொன்று. இலையுதிர் காலத்தில் பஞ்சு வரும், வசந்தத்தில் கம்பளி வரும், நடுவில் தோல். சில வருஷம் மூன்று மாதம் நான்கு மாதம் என்று நீண்டுவிடும். வீடு என்னவோ நடந்தால் அரைமணி நேரம்தான். கொட்டகை வாசலில் நின்றால் மேட்டில் பிளம் தோப்பும் வீட்டுப் புகைபோக்கியும் தெரியும். இன்றைக்கு ரொட்டி சுடுகிறார்களா, துணி வேக வைக்கிறார்களா என்று புகையை வைத்தே சொல்லுவான். சொல்லி என்ன செய்ய? வீட்டைப் பார்த்துக்கொண்டே வீட்டில் இல்லாமல் இருப்பவனைவிட, தூரதேசத்தில் இருப்பவன் கொடுத்துவைத்தவன்.

சட்டம் முட்டாள்தனமானது என்று அவன் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுக்குச் சொல்ல வராததற்குக் காரணம் க்ளிகோர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், கூட வேலை செய்த க்ளிகோர் ஒரு பஞ்சுப் பொதிக்குள் கைவிட்டுக்கொண்டே, “உள்ள ஒரு பொம்பள இருக்கா, என் கையப் பிடிக்கிறா” என்று சிரித்தான். நான்காம் நாள் அவன் அக்குளில் வாதுமைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. ஆறாம் நாள் அவன் சுண்ணாம்புக் குழியில். அதே கொட்டகையில் மிலாதினைத் தனியாக நாற்பத்திரண்டு நாள் பூட்டிவைத்தார்கள். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் சிலுவைக்குறி போடுவதற்கு முன்னால் அவன் கை வலது அக்குளுக்குத்தான் போகும். வீட்டில் படுத்திருக்கும்போதும் அப்படித்தான். ஸ்தோயா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இந்தக் கோடையில் அப்பா போய்ச் சேர்ந்தார். அவர்கள் வீடு ஒரே அடுப்பு எரியும் பெரிய வீடு. நான்கு ஜோடிகள், பத்தொன்பது பேர். யார் எந்த வயலுக்குப் போவது, யாருக்குப் புதுச் செருப்பு, யாரைச் சக்கரவர்த்திக்கு அனுப்புவது என்பதெல்லாம் வீட்டுத்தலைவன் வாக்கு. இன்னொன்றும் உண்டு. எல்லைச் சட்டப்படி வீட்டுத்தலைவனுக்கு அரசாங்க வேலையிலிருந்து விலக்கு. தலைவனானால் மிலாதினின் கை பொதியைவிட்டு வெளியே வந்துவிடும். அவன் மூத்தவன். கேட்க ஆள் இல்லாமல் அவனுக்கே வரவேண்டியது.

ஆனால் தலைமை என்பது அவர்களிடையே பேசிக் கொடுப்பதில்லை. குலப்புனிதர் திருநாளன்று, பாதிரியார் வந்து விழாரொட்டிமேல் சிலுவையாகத் திராட்சைமது ஊற்றும்போது, அவர் எதிரே நின்று ரொட்டியைத் திருப்பி வெட்டுகிறவன் எவனோ அவனே வீட்டுத்தலைவன். அன்று முழுக்க அவன் உட்காரக்கூடாது. தலையில் குல்லாய் இல்லாமல் நின்றுகொண்டே வருகிறவர்களை வரவேற்க வேண்டும், ஊற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அன்றைக்கு உட்கார்ந்திருப்பவன் விருந்தாளி, நிற்பவன் வீட்டுக்காரன். மறுநாள் காலையில் படைக் கேப்டனின் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். அதன்பின் அழித்து எழுதமாட்டார்கள்.

அவர்களுடைய குலப்புனிதர் தூய திமித்ரி. திருநாள் இலையுதிர் காலத்தின் கடைசியில், சரியாகப் பஞ்சு வரும் பருவத்தில் வரும். எட்டு வருஷமாக மிலாதின் ஒரு திருநாளுக்கும் வீட்டில் இல்லை. நாள் முழுக்க நிற்க முடியாத கிழட்டு அப்பா ரொட்டியை மட்டும் வெட்டிவிட்டு உட்கார, மிச்ச நேரமெல்லாம் அவருக்காகத் தம்பி பந்தேலியாதான் நின்றான்.

இந்த வருஷம் அவன் விரல்விட்டு எண்ணித் திட்டம் போட்டான். அக்கரை வியாபாரி ஹாஜி தெர்விஷின் பஞ்சுப் பொதிகள் வந்த அன்றே அவற்றில் கையை விட்டால் இருபத்தோராம் நாள் திருநாளுக்கு முந்தின நாளில் முடியும். அதற்குப் பிறகு எந்தப் பொதி வந்தாலும் அடுத்த கொட்டகை ஆள்தான் தொடவேண்டும் என்று தடைமனை எழுத்தர் பிண்டரிடம் முன்கூட்டியே சொல்லி, தலையாட்ட வைத்திருந்தான். ஒரு தலையாட்டலுக்கு வீட்டிலிருந்து இரண்டு குடுவை பிளம் சாராயம் போனது.

பதினேழாம் நாள் ஸ்தோயா பேச்சுவேலிக்கு வந்தாள். பேச்சுவேலி என்றால் இரண்டு வேலி, நடுவில் ஆறடி இடைவெளி, அந்த இடைவெளியில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. புருஷன் பெண்டாட்டி பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு அந்தக் காவலாளிக்கு ஊர்க்கதை முழுக்கத் தெரியும்.

“புதுச் சட்டை தைச்சாச்சு. கழுத்துல சிவப்பு நூல்ல பூப்போட்டிருக்கேன்” என்றாள் அவள்.

“எதுக்கு சிவப்பு? நான் என்ன மாப்பிள்ளையா?”

“மாப்பிள்ளையா இருந்தப்பவே உன்ன நான் சரியாப் பாத்ததில்ல. கல்யாணமான ஒம்பதாம் நாள் உள்ள போன. இப்பவாவது பாத்துக்கிறேன்.”

காவலாளி இருமுவதுபோலச் சிரித்தான்.

“பந்தேலியா என்ன பண்றான்?” என்று தம்பியைப் பற்றிக் கேட்டான் மிலாதின்.

“என்ன பண்ணுவாரு, நல்ல மனுஷன். எட்டு வருஷமா நின்னு நின்னு அவருக்குக் காலு பழகிப்போச்சு. அவரு பெண்டாட்டிக்கு அதவிட நல்லாப் பழகியிருக்கு. போன வாரம் மாவுப்பெட்டிச் சாவிய என் கையிலேருந்து வாங்கி, ‘நீங்க எதுக்குக்கா சிரமப்படுறீங்க’ன்னு தன் இடுப்புல சொருகிக்கிட்டா.”

“நான் வந்துடுவேன் ஸ்தோயா.”

“எட்டு வருஷமா இதத்தான் சொல்ற. திமித்ரி திருநாளுக்குக் காட்டுல திரியுற கொள்ளைக்காரன்கூட வீடு போய்ச் சேந்துடுவான். ஊருல எல்லாரும் சொல்ற பேச்சு அது. என் புருஷனுக்கு மட்டும் அந்தக் கொள்ளைக்காரன் குடுப்பினைகூட இல்ல.” வேலிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “கேளு மனுஷா. இந்த வருஷம் நீ வரலேன்னா, நான் சாகுற வரைக்கும் அவகிட்ட மாவு கேட்டு நிக்கணும். நீ சாகுற வரைக்கும் அந்த மூட்டைக்குள்ள கைய விடணும். புரியுதா?”

புரியாமல் என்ன? அவனுக்கு வேறு எந்த நினைப்பும் அப்போது இல்லை.

ஹாஜி தெர்விஷ் அடுத்த கொட்டகையில் தன் இருபத்தோரு நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ட்ராவ்னிக் பக்கத்து வியாபாரி. பெரிய வயிறு, அதைவிடப் பெரிய வாய். பத்தொன்பது வருஷமாக வருஷத்துக்கு இரண்டு தரம் வருகிறார். இருவரும் பேசுவது ஒரே மொழி. திட்டுவதும் அதே மொழியில். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர் கையை ஒருவர் தொட்டதில்லை. வேறு வேறு கொட்டகைக்காரர்கள் தொட்டுக்கொண்டால் யாருடைய கணக்கு நீளமோ அது இருவருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

“என் பஞ்சுல நோய் இருக்குன்னு தேடுறியே, வெக்கமா இல்ல? அந்தப் பஞ்சு மேலதான் என் பேரப்பிள்ளைங்க தூங்கிச்சுங்க” என்பார் அவர்.

“பேரப்பிள்ளைங்க மூத்திரமும் இருக்கு ஹாஜி. அதையும் எழுதச் சொல்லவா?”

“எழுது எழுது. அதுக்கும் சுங்கம் போடுவான் உன் சக்கரவர்த்தி.”

இந்த முறை இருவர் கணக்கும் ஒரே நாளில் முடிய இருந்தது. அதிசயமாக நடப்பது. “ரெண்டு பேரும் சேந்து வெளிய வரோம். வெளிவாசல்ல கை குடுக்குறோம்” என்று ஹாஜி முடிவுகட்டிவிட்டார். “அப்புறம் உன் வீட்டுத் திருநாளுக்கு வரேன். கூப்பிடாம வரலாம்தானே?”

“திருநாளுக்குக் கூப்பிடுற பழக்கமே கிடையாது. வர்றவன் எல்லாம் விருந்தாளிதான். ஆனா பன்னிக்கறி இருக்கும்.”

“நான் ரொட்டியும் மீனும் தின்னுட்டு உன்னத் திட்டிட்டுப் போறேன்.”

இருபத்தோராம் நாள் காலையில் மிலாதின் எழுந்து அக்குளைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளித்தான். டாக்டர் கொட்டகைக்கே வந்து, ஒரு கோல் தூரத்தில் நின்றபடி கண், நாக்கு, அக்குள் எல்லாம் பார்த்துவிட்டு, ஹாஜியின் பஞ்சு சுத்தம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி எழுத்தரின் ஜன்னலில் நின்று, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி, விடுதலைச் சீட்டை வாங்குவதுதான் பாக்கி. ஜன்னலுக்கு அறுபது எட்டு நடக்க வேண்டும். கயிறு கட்டிய நடைபாதை வழியாக மிலாதின் முன்னால் நொண்டி நடக்க, ஹாஜி நாலு எட்டு தள்ளிப் பின்னால் வந்தார்.

அந்த நேரத்திலா, பருவம் தப்பி, அக்கரை நீஷ் ஊர்க் கம்பளி வண்டிகள் முற்றத்துக்குள் வரவேண்டும்? வந்தன. முதல் வண்டியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்தது. வண்டிக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் மாட்டைப் பிடிக்கவும் சக்கரத்தைத் தூக்கவும் ஓடினார்கள். இந்தப் பக்கம் மேலடுக்கிலிருந்து ஒரு பொதி சரிந்து விழுந்து, கயிற்றுக்கு அடியில் உருண்டு, மிலாதினின் காலடியில் வந்து நின்றது. ஓரத்தையல் பிரிந்து கம்பளி பிதுங்கியது. வழியெல்லாம் மழை; பொதியின் சாக்கு கறுத்திருந்தது. நனைந்த கம்பளி உள்ளே சூடேறி அழுகும். அது பத்தொன்பது வருஷமாக அவனுக்குத் தெரிந்த விஷயம்.

“உள்ள ஈரம் போயிருக்கு” என்றான் மிலாதின்.

சொல்லிமுடித்த பிறகுதான் கவனித்தான். அவன் குனிந்திருந்தான். சட்டைக்கை தோள்வரை சுருண்டிருந்தது. வலக்கை முழங்கைக்கு மேல்வரை பொதிக்குள் இருந்தது.

எப்போது சுருட்டினான், எப்போது குனிந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவனுக்குத் தொட்டிலில்கூட வந்த பழக்கமில்லை, அப்பா அனுப்பிவைத்த பழக்கம். கையை வெளியே இழுத்தான். முழங்கையில் கம்பளி இழை ஒட்டியிருந்தது. அந்தக் கை தன்னுடையது இல்லை, வேறு யாரோ கொண்டுவந்து தோளில் மாட்டிவிட்டது என்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வண்டிக்காரர்கள் யாரும் திரும்பவில்லை. காவலாளி வாசலில் மாட்டோடு மல்லுக்கு நின்றான். பார்த்தது ஹாஜி மட்டும்.

“கைய மூடு” என்றார் ஹாஜி, மெதுவாக. “சட்டைய இறக்கு. நட.”

“ஹாஜி...”

“நான் ஒண்ணும் பாக்கல. எனக்குக் கண்ணு சரியில்லன்னு என் பெண்டாட்டியே சொல்லுவா. நட மிலாதின். உன் வீட்டுல பத்தொன்பது பேரு காத்திருக்காங்க.”

மிலாதின் நடந்தான். முப்பது எட்டு இருக்கும். அந்த முப்பது எட்டில் அவன் தன்னைத் திட்டிய திட்டு எழுத்தில் வராது. தன் கையைத் திட்டினான், அப்பாவைத் திட்டினான், நீஷ் ஊர் ஆடுகளைத் திட்டினான், அச்சு செய்த தச்சனைத் திட்டினான். ஆயிரம் பொதியில் ஒரு பொதியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதினாறு வருஷமாக அவன் கண்ணில் ஒன்றும் படவில்லை. எல்லாம் வெறும் கம்பளி, வெறும் பஞ்சு. இதுவும் அப்படித்தான் இருக்கும். நிச்சயம் அப்படித்தான். நாளைக்கு இந்தக் கையால்தான் ரொட்டியைத் திருப்ப வேண்டும், பத்தொன்பது பேருக்கும் துண்டு போட வேண்டும், சின்னதுகளின் வாயில் ஊட்ட வேண்டும்.

“உள்ள ஒரு பொம்பள இருக்கா” என்று க்ளிகோர் சிரித்தது காதில் விழுந்தது.

எழுத்தர் பிண்டர் சீட்டை எழுதி வைத்திருந்தார். பதிலும் கையெழுத்தும் மட்டும் பாக்கி. பேனாவை மையில் தொட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சட்டக் கேள்வியைக் கேட்டார். “இந்த இருபத்தோரு நாள்ல வேற எந்தப் பொருளையாவது தொட்டியா?”

இந்தக் கேள்விக்கு மிலாதின் நூறு தடவையாவது பதில் சொல்லியிருப்பான். கேள்வி முடிவதற்குள் ‘இல்லை’ வந்துவிடும். ‘இல்லை’ என்பதன் பாதியை எழுத்தர் இப்போதும் எழுதிவிட்டார்.

“தொட்டேன்.”

பேனா நின்றது. “என்னது?”

“இப்போ. நீஷ் கம்பளி. ஒரு பொதி உருண்டு வந்துச்சு. கைய விட்டுட்டேன்.”

பிண்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கடுகடுப்பான ஆள்தான், ஆனால் இரண்டு குடுவைச் சாராயத்துக்கு நன்றியுள்ளவர். “யாராவது பாத்தாங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நான் பாத்தேன்” என்றான் மிலாதின்.

“முட்டாளே” என்றார் எழுத்தர். அதட்டலாக இல்லை, தாங்கமாட்டாமல் சொன்னார். சீட்டைக் கிழித்துப் போட்டு, வேறொரு தாளை எடுத்து, ‘ஒன்றாம் நாள்’ என்று எழுதினார்.

ஹாஜி தன் சீட்டை வாங்கிக்கொண்டு வெளிவாசலைத் தாண்டினார். அக்கரைக்காரர் இந்தக் கரையில் தாராளமாக நின்றார். சக்கரவர்த்தியின் குடிமகன் மிலாதினை, சுல்தான் சீமையிலிருந்து இப்போதுதான் இறங்கியவன்போல உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். வாசல் பக்கம் கையை நீட்டியிருந்த ஹாஜி, அதை மெல்லத் தன் அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

மதியம் ஸ்தோயா அவனை அழைத்துப்போக வந்தாள். கையில் புதுச் சட்டை மடித்த துணிமூட்டை. அவன் வெளிவாசலில் நிற்காமல் பேச்சுவேலியில் நிற்பதைப் பார்த்ததுமே அவள் முகம் செத்துவிட்டது.

“சொல்லு” என்றாள்.

சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதையும், எழுத்தர் கேட்டதையும்கூடச் சொன்னான்.

காவலாளி முதன்முறையாகத் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“யாரும் பாக்கல” என்றாள் அவள். “கேட்டவரே வழி காட்டுறாரு. ஒரே ஒரு வார்த்தை. இல்லைன்னு ஒரு வார்த்தை. எங்கிட்ட எத்தனை தடவ பொய் சொல்லியிருக்க, வந்துடுவேன் வந்துடுவேன்னு. அந்தப் பொய்யில ஒண்ண எடுத்து அங்க சொல்ல உனக்கு வாய் வரலியா?”

“க்ளிகோர்...”

“க்ளிகோர் செத்து பதினாறு வருஷம் ஆச்சு! நான் உயிரோட இருக்கேன்!”

“அந்தக் கையோட வீட்டுக்கு வந்து பிள்ளைங்களுக்கு ரொட்டி ஊட்டவா ஸ்தோயா?”

அந்தக் கேள்வி அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. சட்டை மூட்டையை வேலிக்கு மேலாக வீசியெறிந்தாள். அது ஆறடி இடைவெளியைத் தாண்டி உள்ளே சேற்றில் விழுந்தது. வெளியிலிருந்து உள்ளே எது வேண்டுமானாலும் வரலாம். அதற்கு ஒரு சட்டமும் தடையில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மிலாதின் விடியலில் எழுந்து சேறு போகத் துடைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குல்லாயைக் கழற்றிக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, பேச்சுவேலிக்கு வந்து நின்றான். மேட்டில் புகைபோக்கியிலிருந்து புகை கட்டிகட்டியாக எழும்பியது. உள்ளே போய் உட்காரச் சொல்லிக் காவலாளி இரண்டு தரம் சொன்னான். “இன்னைக்கு உக்காரக்கூடாது” என்றான் மிலாதின். மத்தியானம் தாண்டியது. கோணல் கால் வீங்கிச் செருப்பின் வார் அறுந்தது. அவன் நின்றான். யாருக்காக நின்றான் என்று கேட்டால் அவனாலும் சொல்லியிருக்க முடியாது. வீம்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

பொழுது சாய ஹாஜி தெர்விஷ் வந்தார், தாடியெல்லாம் மழைத்தண்ணீர். மிலாதின் தலையில் ஒன்றுமில்லாமல் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் நேராக நின்று, கையை நெஞ்சில் வைத்து, “திருநாள் வாழ்த்து, வீட்டுக்காரரே” என்றார்.

அந்த வார்த்தையை அன்றைக்கு அவனிடம் சொன்னது அவர் ஒருவர்தான்.

“போனீங்களா ஹாஜி? என்ன நடந்துச்சு?”

“போனேன். மீன் நல்லா இருந்துச்சு.” ஹாஜி நனைந்த தாடியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். “பாதிரியார் ‘வீட்டுத்தலைவர் யாரு’ன்னு கேட்டாரு. ஒருத்தரும் வாயத் திறக்கல. உன் பெண்டாட்டி அடுப்பங்கரை வாசல்ல நின்னா. அப்புறம் உன் தம்பி எந்திரிச்சு வந்தான். அழுதுக்கிட்டேதான் வெட்டினான் மிலாதின். பொய் சொல்ல மாட்டேன். அழுதான், ஆனா வெட்டினான்.”

துணியில் சுற்றிய ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்தார். அவன் அதை நீளமான மரத்தட்டில் வைத்து உள்ளே தள்ளினான். “ஸ்தோயா குடுத்தா. குடுத்தா, அவ்வளவுதான்.”

மிலாதின் ரொட்டியை நின்றபடியே தின்றான்.

இருபத்தோரு நாளும் காலையில் அக்குளைத் தொட்டுப் பார்த்தான். மனதின் ஒரு மூலையில், தொட்டால் ஏதாவது தட்டுப்பட்டால் தேவலை என்றுகூடத் தோன்றியது. அப்படியாவது தான் செய்தது வீண் இல்லை என்று ஆகும் என்ற நினைப்பு. எவ்வளவு கேவலமான நினைப்பு என்று உடனே தன்னையே காறித்துப்பிக்கொள்வான். ஒன்றும் தட்டுப்படவில்லை. நீஷ் கம்பளி சுத்தமான கம்பளி. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாத கம்பளி. எழுத்தர் முத்திரை குத்தினார், வண்டிகள் வியன்னாவுக்குப் புறப்பட்டன, யாரோ சீமாட்டிக்குக் குளிருக்குப் போர்வை ஆகியிருக்கும்.

பனி விழ ஆரம்பித்திருந்தது. அறுந்த செருப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மேடு ஏறி வீட்டுக்கு நடந்தான். நாய் அவனை அடையாளம் தெரியாமல் குரைத்தது. உள்ளே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்தோயா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் இடுப்பில் சாவி இல்லை.

பந்தேலியா மட்டும் மேசை முனையில் எழுந்து நின்றான். நல்ல மனுஷன்தான். அண்ணனைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டான். சுவரோரமாக, விருந்தாளிகளுக்கென்று போட்டிருக்கும் முக்காலியை இழுத்து, தன் சட்டைக்கையாலேயே துடைத்தான்.

“வாங்கண்ணே. களைச்சுப்போய் வந்திருக்கீங்க. வசந்தத்துல கம்பளி வர்றவரைக்கும் இருப்பீங்கல்ல? உக்காருங்க” என்றான்.

மிலாதின் உட்கார்ந்தான்.